பெயர் எழுதிய கடிதம்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சிறுவணிகர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, கடை நடத்தும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

தீபாவளிக்குத் துண்டறிக்கை அச்சடிக்கக் கொடுக்கப் போவதாகச் சிலர் சொன்னீர்கள். கொஞ்சம் பொறுங்கள். தாமான் (குடியிருப்பு) வீடுகளின் கேட்டில் செருகிவிட்டுப் போகும் தாள்கள் ஒரு மழைக்குப் பிறகு கால்வாயில் கிடப்பதை எல்லாரும் பார்க்கிறோம். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) போட்டாலோ, காலை வணக்கப் படங்களுக்கு நடுவே உங்கள் விளம்பரம் காணாமல் போகிறது. பெயர் எழுதித் தபாலில் வரும் கடிதம் இப்போது வீட்டுக்கு அரிது. அரிதாக இருப்பதாலேயே கண்ணில் படுகிறது.

ஆனால் யாருக்கு அனுப்புகிறோம், என்ன கொடுக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். விளம்பரத்தைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பும் அமெரிக்க நேரடி அஞ்சல் துறையில் எட் மேயர் வகுத்த ஒரு கணக்கு உண்டு: வெற்றியில் 40 பங்கு முகவரிப் பட்டியலுக்கு, 40 பங்கு நாம் தரும் சலுகைக்கு, மிச்சம் 20தான் அழகுக்கும் புதுமைக்கும். பலர் இந்த 20-க்கே முழுப் பணத்தையும் செலவழிக்கிறார்கள்.

இதே ஊரில் பிறந்த துன் சம்பந்தன், நம் நாட்டில் அஞ்சல் துறைக்கும் அமைச்சராக இருந்தவர். ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களின் பங்குப் பணத்தில் தோட்டங்களை வாங்க, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பங்கு கேட்டார். யாரிடம் கேட்கிறோம், அவர்களுக்கு எதில் பயம், நாம் என்ன தருகிறோம் என்ற மூன்றும் அவருக்குத் தெரிந்திருந்தன. ரப்பர் மரத்தில் பால் வெட்டிய தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து பங்கு வாங்கினார்கள்.

இப்போது அந்த 20-க்கு வருகிறேன். உறையில் முகவரியைக் கையால் எழுதுங்கள். இயந்திர முத்திரை வேண்டாம். தபால் தலையை ஒட்டுங்கள். தையல்கடைக்காரர் என்றால் ஒரு பொத்தானை அட்டையில் தைத்து உள்ளே வையுங்கள். உறை மேடாக இருக்கும், விரல் தானாகத் தடவிப் பார்க்கும், பிரிக்காமல் வைக்க மனம் வராது. புடவைக்கடை என்றால் புதிதாக வந்த துணியில் ஒரு விரல் அகலத் துண்டு. உள்ளே இருக்கும் பொருள் நீங்கள் விற்பதோடு சேர்ந்ததாக இருக்க வேண்டும். கார் பட்டறைக்காரர் மிட்டாய் அனுப்பினால் பிள்ளைகள் மிட்டாயைத் தின்பார்கள். பட்டறையின் பெயர் யாருக்கும் நினைவிருக்காது. தடித்த உறைக்குத் தபால் கட்டணம் கூடலாம். ஒன்றை மட்டும் தபால் நிலைய முகப்பில் எடை போட்டுக் கேட்டுவிட்டு மற்றவற்றை ஒட்டுங்கள். விபூதி, குங்குமம் போன்ற பொடி எதுவும் வேண்டவே வேண்டாம். 2001-இல் அமெரிக்காவில் கடிதங்களில் ஆந்த்ராக்ஸ் வந்த பிறகு, உறையிலிருந்து பொடி கொட்டினால் எந்தத் தபால் நிலையமும் பதறும்.

வீட்டில் பாட்டி தமிழ் படிப்பார், பேத்திக்கு மலாய் எளிது. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலாய் என்று எழுதினால் ஒரே கடிதம் இரண்டு பேரிடமும் போகும். கையொப்பத்துக்குக் கீழே ஒரு பின்குறிப்பு போடுங்கள். கடிதத்தை மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணும் அங்கே நிற்கும். சலுகையும் கடைசி நாளும் அங்கே இருக்கட்டும். 1955 வேலைச் சட்டப்படி, மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் போட வேண்டும். ஆகவே கடிதம் மாதத்தின் முதல் வாரத்தில் வீடு சேரட்டும். இருபத்தைந்தாம் தேதி சேர்ந்தால் ஆசைப்பட மட்டும்தான் முடியும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அரசாங்கக் கடிதம் போலப் பழுப்பு உறையில், சிவப்பு எழுத்தில், ‘இறுதி அறிவிப்பு’ என்று போட்டு அனுப்பாதீர்கள். பிரித்துப் பார்ப்பார்கள், உண்மைதான். ஆனால் நம் மக்கள் யார்? தோட்டம் கைமாறியதும் ‘வீட்டைக் காலி செய்’ என்ற கடிதத்தைக் கையில் வாங்கியவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். அப்படி ஓர் உறையைப் பார்த்ததும் ஒரு தாத்தாவுக்குக் கை நடுங்குமே, அந்த நடுக்கத்தை வைத்தா நாம் புடவை விற்க வேண்டும்? அது நம் வியாபாரத்துக்கே கேடு.

பட்டியலிலும் நேர்மை வேண்டும். கோயில் உபயதாரர்கள் கொடுத்த முகவரி கோயில் காரியத்துக்குக் கொடுத்தது, அதை நகலெடுக்காதீர்கள். 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 43-ஆம் பிரிவுப்படி, ‘எனக்கு விளம்பரம் வேண்டாம்’ என்று எழுத்தில் சொல்ல ஒருவருக்கு உரிமை உண்டு. சொன்னால் அன்றே பெயரை எடுத்துவிடுங்கள். உங்கள் கடையின் ரசீதுப் புத்தகத்தில் இருப்பவர்களிடம் ‘கடிதம் போடலாமா?’ என்று கேட்டுத் தொடங்குங்கள். அதைவிடச் சிறந்த பட்டியலை யாரும் விற்க முடியாது.

பாதிப் பேருக்குப் பொத்தானோடும் பாதிப் பேருக்குப் பொத்தான் இல்லாமலும் அனுப்பி, ‘இந்த அட்டையைக் கொண்டு வாருங்கள்’ என்று எழுதுங்கள். இரண்டு வகைக்கும் அட்டை நிறம் வேறாக இருக்கட்டும். வந்த அட்டைகளை ஒரு டப்பாவில் போட்டு எண்ணினால், அடுத்த முறை எதற்குச் செலவு செய்வது என்று தெரிந்துவிடும்.

மேசையில் உறையும் பேனாவும் வைத்திருக்கிறோம். உங்கள் வாடிக்கையாளர் ஒருவரை மனத்தில் வைத்து, அவர் பெயரோடு முதல் வரியை எழுதுங்கள். நான் ஒவ்வொருவரிடமும் வந்து படித்துப் பார்க்கிறேன்.