தூக்கைக் கவிழ்த்துப் பாருங்கள்

வணக்கம். தேவகோட்டையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் பழைய சாமான் பார்க்கப் போனவர், ரோஜாப்பூப் போட்ட எனாமல் அடுக்குத் தூக்கு ஒன்றும், தேங்காய் அளவில் பச்சைக் கண்ணாடி உருண்டை ஒன்றும் வாங்கி வந்திருக்கிறார். இரண்டும் நூறு வருஷத்துச் சாமான் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். "நம்பலாமா? தூக்கில் குழம்பு ஊற்றலாமா? உருண்டையைக் கார்த்திகைக்கு முகப்பில் தொங்கவிடலாமா?" என்று கேட்கிறார். தூக்கின் அடியில் சிவப்புச் சாயத்தில் ஏதோ எழுத்து மங்கலாகத் தெரிகிறதாம். அதைத் தேய்த்து எடுத்துவிடலாமா என்பது கடைசிக் கேள்வி.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்குப் பதறிவிட்டது. தேய்க்காதீர்கள் தங்கை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சிவப்பு எழுத்து பெரும்பாலும் ஒரு வீட்டின் விலாசமாக இருக்கும். நகரத்தார் வீடுகளில் பாட்டனார், பூட்டனார் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து விலாசம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த சாமான்களைக் கல்யாணத்தில் பரப்பி வைப்பார்கள். அதற்குப் பிறகு ஒரு விசேஷம் என்றால் பங்காளி வீட்டு அண்டாவும் குண்டானும் இந்த வீட்டுக்கு வரும், இந்த வீட்டுச் சாமான் அங்கே போகும். திரும்பி வரும்போது எது யாருடையது என்று தெரிய வேண்டாமா? பித்தளையில் உளி வைத்துப் புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டினார்கள். எனாமலில் உளி வைத்தால் சில்லுச் சில்லாகத் தெறித்துவிடும், ஏனென்றால் அது கண்ணாடி. அதனால்தான் சாயத்தால் எழுதியிருக்கிறார்கள். என் ஆயா, அதாவது பாட்டி, தன் எனாமல் தட்டுகளின் அடியில் நகச்சாயத்தாலேயே எழுதி வைத்திருந்தார்கள். ஓர் எழுத்தின் கொம்பு வழிந்து பக்கத்து எழுத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அந்த வழிசலை வைத்தே அது ஆயா கை என்று கண்டுபிடித்துவிடுவேன்.

சில வருஷங்களுக்கு முன் ஓர் ஊரில் ஒரு பித்தளைக் கூஜா வாங்கினேன். மூடியின் மேல் கிளி உட்கார்ந்திருக்கும். வால் மட்டும் உடம்பைவிட நீளம். பார்த்தவுடன் மனம் போய்விட்டது. மெருகு போட்டுத் தருகிறேன் என்று கடைக்காரர் வாங்கி வைத்துக்கொண்டார். திரும்பக் கொடுத்தபோது கிளி பொன்னாக மின்னியது, அடியில் இருந்த விலாசத்தைக் காணோம். இன்றைக்கும் அந்தக் கூஜாவை எடுத்தால் முதலில் அடிப்பக்கத்தைத்தான் தடவுகிறேன்.

சரி, வயசுக்கு வருகிறேன். யார் என்ன சொன்னாலும் சாமானைக் கவிழ்த்துப் பாருங்கள். நம் பக்கத்துக்கு எனாமல் வந்தது பெரும்பாலும் சுவீடன், ஆஸ்திரியா, செக்கோஸ்லோவாகியா, ஜப்பான் ஆகிய நாடுகளிலிருந்து. பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்யப் போனவர்கள் கப்பலில் கொண்டுவந்து சேர்த்தவை ஏராளம். அடியில் செக்கோஸ்லோவாகியா என்று இருந்தால் அது 1918க்கு முந்தியதாக இருக்கவே முடியாது. அந்த நாடு பிறந்ததே அந்த வருஷம்தான். ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது என்று ஆங்கிலத்தில் அச்சடித்த பீங்கான் சாமான்களும் உண்டு. ஜப்பான் நேச நாடுகளின் பிடியில் இருந்தது 1945 முதல் 1952 வரை. ஆகவே அந்த முத்திரை காலத்தைக் கையில் பிடித்துக் கொடுத்துவிடும். உங்கள் தூக்கில் நாட்டின் பெயர் எதுவும் இல்லையென்றால் வருஷக் கணக்கை விட்டுவிடுங்கள். ரோஜாப்பூ அழகாக இருக்கிறதா, அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று ஆடாமல் உட்காருகின்றனவா, விலாசம் இருக்கிறதா? எனக்கு இவை போதும். விலாசம் உள்ள எழுபது வருஷத் தூக்கை, விலாசம் இல்லாத நூறு வருஷத் தூக்குக்கு நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

குழம்பு ஊற்றலாமா? வேண்டாம். எனாமல் என்பது இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளைப் பூசி, ஏறக்குறைய 800 டிகிரி சூட்டில் உருக்கி ஒட்டவைப்பது. எங்கே சில்லு பெயர்ந்திருக்கிறதோ அங்கே இரும்பு வெளியே தெரியும், புளி பட்டால் கறுக்கும், ஈரம் நின்றால் துரு பிடிக்கும். பழைய சிவப்பு, மஞ்சள் சாயங்களில் ஈயமும் காட்மியமும் சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. அதனால் புளித்ததும் சூடானதும் அதில் வேண்டாம். சீடை, மனகோலம் வைப்பதாக இருந்தால் உள்ளே வாழையிலையோ தாளோ விரித்து வையுங்கள். கம்பி நாரால் தேய்க்காதீர்கள். கழுவியவுடன் துடைத்து, அடுக்கைப் பிரித்து வெயிலில் சிறிது நேரம் வையுங்கள்.

இனி உருண்டை. எனக்கு மிகவும் பிடித்த சாமான் இது. ஜெர்மனியின் துரிங்கியாவில் லௌஷா என்ற ஊர் கண்ணாடி ஊதுவதற்குப் பேர் போனது. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்துமஸுக்காக இப்படி உருண்டைகள் செய்தார்கள். உள்ளே பூச்சு, வெளியே பச்சை, நீலம், தங்க நிறம். பாதரச உருண்டை என்று நம் ஊரில் சொல்வார்கள். உள்ளே பளபளப்பது பாதரசம் அல்ல, வெள்ளி போன்ற வேறு உலோகப் பூச்சுதான். பெரிய உருண்டைகளின் கனத்தைக் கிறிஸ்துமஸ் மரத்தின் கிளை தாங்காது என்பதால் அவர்களும் சன்னலிலும் உத்தரத்திலும்தான் தொங்கவிட்டார்கள். அதே உருண்டை கப்பலேறி வந்து நம் வீடுகளின் கூடத்தில் தொங்கியது. கீழே பாயில் படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தால் வளவு, அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்வீடு முழுவதும், தூண்களும் முற்றத்து வெயிலும் சேர்ந்து, அதற்குள் வளைந்து சிறியதாகத் தெரியும். சிறுவயதில் கோடை விடுமுறை முழுவதும் நான் பார்த்த காட்சி அது.

ஆனால் இதே மாதிரி உருண்டைகளை இப்போது நம் நாட்டிலேயே புதிதாகச் செய்து, பித்தளை மூடியைக் கறுக்கவைத்து விற்கிறார்கள். மூடியை உற்றுப் பாருங்கள். பழைய ஜெர்மன் உருண்டைக்குக் கழுத்து கிடையாது, மூடி உருண்டையின் வளைவோடு படிந்திருக்கும். சின்னக் கழுத்தின் மேல் மூடி ஏறி நின்றால் சந்தேகப்படுங்கள். மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டாம், வாய் விளிம்பு உடைந்துவிடும். புதியதாகவே இருந்தாலும் மனம் வருந்தாதீர்கள், அதுவும் கையால் ஊதிய கண்ணாடியாக இருக்கலாம்.

கார்த்திகைக்குத் தாராளமாகத் தொங்கவிடுங்கள். விளக்கு வரிசைக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம், சூடும் புகையும் ஏறும். நூல் கட்டாமல் பித்தளைச் சங்கிலி போடுங்கள். தண்ணீர் பட்டால் உள்பூச்சு கறுத்துவிடும், அதனால் பழைய வேட்டித் துணியால் உலர்வாகத் துடைத்தால் போதும்.

தங்கை, அந்தத் தூக்கைப் பகல் வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பிடித்து, அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். மூன்றெழுத்தா நான்கெழுத்தா என்று தெரிந்தால் கூட, பெரியவர்களிடம் காட்டிக் கேட்கிறேன்.