காலண்டரில் ஒளிந்திருக்கும் பிரெஞ்சு வானம்

[திரையில்: சுவரில் தொங்கும் தினசரி காலண்டர்]

பிரெஞ்சில் கோள்களின் பெயர்களைப் படிக்கப் போகிறீர்களா? முதலில் வீட்டுக் காலண்டரைப் பாருங்கள். பாதிப் பாடம் அதிலேயே இருக்கிறது.

திங்கள் என்றால் நிலா. பிரெஞ்சில் நிலா 'லூன்', திங்கட்கிழமை 'லந்தி'. செவ்வாய்க் கோள் 'மார்ஸ்', கிழமை 'மர்தி'. புதன் 'மெர்க்கூர்', கிழமை 'மெர்க்ரதி'. வியாழன் 'ஜூபிதேர்', கிழமை 'ஜதி'. வெள்ளி 'வேனூஸ்', கிழமை 'வாந்த்ரதி'. கடைசியில் ஒட்டியிருக்கும் 'தி', நாள் என்ற லத்தீன் சொல்லின் மிச்சம்.

ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. அங்கே செவ்வாய் முதல் வெள்ளி வரை ஜெர்மானியத் தெய்வங்கள் உட்கார்ந்திருக்கின்றன. நமக்கோ ஐந்து நாளும் அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது!

சனி, ஞாயிறில்தான் வழி பிரிகிறது. 'ஸம்தி' யூதர்களின் ஓய்வுநாளிலிருந்து வந்தது. 'திமான்ஷ்' கர்த்தரின் நாள். அதனால் சனிக்கோள் 'ஸதூர்ன்', சூரியன் 'ஸொலேய்' இரண்டையும் தனியாக மனப்பாடம் செய்யவேண்டும்.

[திரையில்: குவிந்த உதடுகள், மிக அருகில்]

இப்போது உச்சரிப்பு. நான் 'லூன்' என்று எழுதினாலும் அது நம்முடைய ஊ இல்லை. உதட்டை ஊ சொல்வதுபோல் குவியுங்கள். குவித்த உதட்டை அசைக்காமல் ஈ சொல்லுங்கள். வந்துவிட்டதா? அதே ஒலிதான் மெர்க்கூர், ஜூபிதேர், வேனூஸ், ஸதூர்ன் எல்லாவற்றிலும். இந்த ஒன்றுக்கு ஒரு வாரம் செலவழித்தாலும் தகும்.

[திரையில்: பிறைநிலா]

'குருவாஸான்' என்றதும் பேக்கரி நினைவு வரும். அந்தச் சொல்லுக்கு 'வளர்வது' என்று பொருள்; வளர்பிறையின் வடிவம்தான் ரொட்டிக்குப் பெயரானது. வளரும் நிலா 'லூன் குருவாஸாந்த்', தேயும் நிலா 'லூன் தேகுருவாஸாந்த்'. பால்வீதியும் அப்படியே: 'வுவா லக்தே'. வுவா என்றால் வழி, லக்தே என்றால் பால் போன்றது.

எனக்கு மிகவும் பிடித்தது தரையிறங்கும் சொற்கள். பூமி 'தேர்', அதில் இறங்குவது 'அத்தெரீர்'. கடல் 'மேர்', அதில் இறங்குவது 'அமெரீர்'. நிலவில் இறங்கினால் 'அலுனீர்'. 1969 ஜூலை 20 அன்று அப்போலோ 11 செய்தது அலுனீர். நான்கு நாள் கழித்து பசிபிக்கில் செய்தது அமெரீர்.

[திரையில்: விடியல் வானில் வெள்ளி]

கோள் என்று தெரிந்த பிறகும் நாம் இதை விடிவெள்ளி என்கிறோம். பிரெஞ்சுக்காரர்களுக்கு இது 'எத்துவால் தூ பெர்ஜே', ஆட்டிடையனின் நட்சத்திரம். 'தூ'வில் அதே குவிந்த உதடு. சொல்லிப் பாருங்கள்.