எடை பார்த்துவிட்டுப் பலகை வாங்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஓய்வு பெற்றதும் ஆஸ்திரேலியாவைச் சுற்றி வரவேண்டும் என்ற ஆசை நம்மவர்களிடமும் பரவிக்கொண்டிருக்கிறது. நல்லார்போர் சமவெளியைத் தாண்டிப் பெர்த் வரை போவது, மெல்பேர்ன் குளிர் தொடங்கியதும் குயின்ஸ்லாந்துப் பக்கம் நகர்ந்துவிடுவது என்று ஆளுக்கொரு திட்டம் வைத்திருக்கிறார்கள். காரவன் இழுக்க விருப்பமில்லாதவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: யூட் என்னும் பின்பக்கம் திறந்த சரக்கு வண்டியின் டிரேயில் ஏற்றி வைக்கும் ‘ஸ்லைட்-ஆன்’ கேம்பரை, அதாவது படுத்துச் சமைத்துக்கொள்ளும் பெட்டி வீட்டை, நாமே செய்ய முடியுமா?

முடியும். தச்சுவேலை கொஞ்சம் கைவந்தவர், வார இறுதிகளைக் கொடுக்கத் தயாராக இருப்பவர் தாராளமாகச் செய்யலாம். ஆனால் முதல் பலகையை அறுப்பதற்கு முன் வண்டியை வேபிரிட்ஜுக்கு, அதாவது வண்டியை எடை போடும் மேடைக்கு, கொண்டுபோங்கள். இன்று நான் வேறு எதைச் சொன்னாலும் இந்த ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்.

ஒவ்வொரு யூட்டுக்கும் ஜி.வி.எம். என்று ஓர் எண் உண்டு. வண்டி, ஆட்கள், சாமான் எல்லாம் சேர்ந்து அதைத் தாண்டக்கூடாது. ஓர் இரட்டைக் கேபின் (இரண்டு வரிசை இருக்கை உள்ள) யூட்டுக்கு அது 3,100 கிலோ, வெறும் வண்டி 2,100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 1,000 கிலோ. அடேயப்பா, ஒரு டன்னா என்று தோன்றும். சரி, கழித்துப் பார்ப்போம். கணவனும் மனைவியும் 150. முன்னால் புல்பார் என்ற இரும்புத் தடுப்புக் கம்பி 60. 80 லிட்டர் தண்ணீர் என்றால் 80 கிலோ. உடுப்பு, உணவு, மடக்கு நாற்காலி, கருவிப்பெட்டி, காஸ் சிலிண்டர் எல்லாம் சேர்ந்து 200 சுலபமாக வந்துவிடும். கேம்பருக்கு மிஞ்சுவது 510 கிலோ. கடையில் விற்கும் ஸ்லைட்-ஆன்களில் பல இதைவிடக் கனமானவை.

அதனால்தான் வேபிரிட்ஜ் என்கிறேன். நான் பொழுதுபோக்காகவே அங்கே போகிறவன். மணலும் ஜல்லியும் விற்கும் இடங்களில், குப்பை கொட்டும் இடங்களில் பொது வேபிரிட்ஜ் இருக்கும். டீசல் நிரப்பிக்கொண்டு போங்கள். முதலில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்தச் சொல்லுங்கள், பிறகு முழு வண்டியையும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் பின் அச்சு சுமக்கும் எடை கிடைக்கும். இது ஏன் முக்கியம் என்றால், மொத்த எடை சரியாக இருந்தாலும் பின் அச்சுக்கென்று தனி எல்லை உண்டு. இரட்டைக் கேபின் வண்டியில் டிரேயின் பெரும்பகுதி பின் அச்சுக்குப் பின்னால்தான் இருக்கும். கேம்பரின் கனமெல்லாம் அங்கே தொங்கினால், குண்டும் குழியுமான மண் பாதையில் சேசிஸ் என்ற அடிச்சட்டம் நடுவில் வளைந்துவிடும். நான் நேரில் பார்த்திருக்கிறேன்: கேபினுக்கும் டிரேக்கும் இடையிலுள்ள இடைவெளி மேலே விரிந்து, கீழே குறுகி, வண்டி முதுகெலும்பு முறிந்த மாடு மாதிரி நின்றது. பின்பக்கம் தாழ்கிறதே என்று பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர்பேக் (காற்றுப்பை) போடுகிறார்கள். உயரம் சரியாகிவிடும், ஆனால் வண்டித் தகட்டில் எழுதிய எடை எல்லை ஒரு கிலோகூட உயராது. ஆகவே தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியும் தரையோடு தரையாக, கேபினை ஒட்டி இருக்கட்டும்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா இருக்கிறார், பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர். அவரும் கணவருமாகச் செய்த கேம்பரைப் போய்ப் பார்த்தேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் உள்ளே போகும் ஒவ்வொரு பொருளையும் எடை போட்டு எழுதியிருக்கிறார். கதவுக் கீல் உட்பட! 18 மில்லிமீட்டர் பிளைவுட் முழுத் தாள் ஏறக்குறைய 30 கிலோ, 9 மில்லிமீட்டர் அதில் பாதி. அலமாரிக்கெல்லாம் அவர் மெல்லியதையே எடுத்து, கதவுகளுக்குப் பதில் துணித் திரை தைத்துவிட்டார். கிரைண்டர் பத்துக் கிலோவுக்கு மேல் வந்ததால் பட்டியலில் அடித்திருந்தது, இரும்புத் தோசைக்கல் மட்டும் தப்பியிருந்தது. அந்த நோட்டை வைத்துக்கொண்டு அவர் விளக்கிய அரை மணி நேரம் எனக்கு ஒரு பாடம். திட்டம் போடுவது என்றால் இதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவர் செய்த இன்னொன்று. கராஜ் தரையில் நாடா ஒட்டி, அட்டைப்பெட்டிகளை அடுக்கி, முழு அளவில் கேம்பரை உருவாக்கி, ஒரு வாரம் அதற்குள் புழங்கியிருக்கிறார்கள். கேபின் மேல் படுக்கை இடத்தை மிச்சப்படுத்தும், உண்மை. ஆனால் எழுபது வயதில், ராத்திரி இரண்டு மணிக்கு, ஏணியில் இறங்கிக் கழிவறைக்குப் போகவேண்டும் என்பதை யோசியுங்கள். குறுக்கே படுத்தால் உட்புறம் இருப்பவர் மற்றவரைத் தாண்டித்தான் வரவேண்டும். முழங்காலிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

காற்றோட்டத்தையும் சொல்லவேண்டும். இருவர் மூடிய பெட்டிக்குள் தூங்கினால் மூச்சிலிருந்தே அரை லிட்டர் போலத் தண்ணீர் விடியும்போது சுவரில் நிற்கும். அலுமினியச் சட்டத்தில் முதலில் வியர்க்கும், அங்கேதான் மெத்தைக்கடியில் பூஞ்சணம் பிடிக்கும். சுவரில் நுரைப் பலகை, கூரையில் விசிறியோடு துவாரம், எதிர்ப்பக்கம் தாழ்வாக ஒரு சன்னல், இவை மூன்றும் வேண்டும். சாம்பார் கொதிக்க வைக்கிறவர்கள் நாம், விசிறியைப் பெரிதாகவே போடுங்கள். முடிந்தால் அடுப்பைப் பின்கதவுக்கு வெளியே இழுத்துச் சமைக்கும்படி வையுங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். மின்சாரத்துக்கு ஒரு முழு உரையே வேண்டும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி 30 கிலோவுக்குக் கிட்ட வரும், அதில் பாதியைத்தான் பயன்படுத்தலாம். அதே அளவு லித்தியம் பேட்டரி 12 கிலோ போல, ஏறக்குறைய முழுவதையும் பயன்படுத்தலாம். ஆனால் 2022இல் வந்த தரவிதிப்படி லித்தியம் பேட்டரியை ஆட்கள் தூங்கும் இடத்தோடு திறந்து வைக்கக்கூடாது, உட்புறம் அடைத்து, வெளியே மட்டும் காற்று போகும் பெட்டி தேவை. காஸ் குழாய் பொருத்துவதை உரிமம் பெற்றவரிடம் விட்டுச் சான்றிதழ் வாங்குங்கள். காஸ் காற்றைவிடக் கனமானது, சிலிண்டர் அறையின் அடியில் வெளியே போகத் துளை இருக்கட்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வையுங்கள். கழற்றி இறக்கக்கூடிய கேம்பரைப் பொதுவாகச் சரக்காகத்தான் கணக்கிடுவார்கள், நிரந்தரமாகப் பொருத்தினால் விதி வேறு. உங்கள் மாநில வாகனப் பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் தண்ணீரும் சாமானும் நிரப்பி, இருவரும் ஏறி உட்கார்ந்து, மறுபடி ஒருமுறை வேபிரிட்ஜுக்குப் போய்விட்டுப் பெர்த்துக்குக் கிளம்புங்கள். நன்றி, வணக்கம்.