தூணை எழுப்பும் முன் தரையைத் திருத்துங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

"நெரிசல் மிகுந்த நகரச் சந்திப்புகளுக்கு, பொருளாதாரத்தையும் சுற்றுச்சூழலையும் சேர்த்துப் பார்த்தால், நல்லது மேம்பாலமா, தரைமட்டச் சீரமைப்பா?" இதுதான் இன்றைய தலைப்பு. தரைமட்டச் சீரமைப்பே, அதாவது பாலம் கட்டாமல் சிக்னல், யூ டர்ன், பஸ் நிறுத்தம் இவற்றைத் தரையிலேயே சீராக்குவதே நல்லது என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் அழகாகப் பேசினார். சிக்னலில் நிற்கிற ஒவ்வொரு வண்டியும் எரிபொருளை வீணாக்குகிறது, புகையைக் கக்குகிறது, மேம்பாலம் கட்டினால் பணமும் மிச்சம் காற்றும் சுத்தம் என்றார். சென்னைக் கத்திப்பாராவைக் காட்டினார். கோவை அவினாசி சாலையில் 2025 அக்டோபரில் திறந்த 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்தைக் காட்டினார். நிற்கிற வண்டி எரிபொருளை வீணாக்குகிறது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. எவ்வளவு வீணாக்குகிறது என்று கணக்குப் போடத்தான் கூப்பிடுகிறேன்.

சின்ன பெட்ரோல் கார் ஒன்று நின்றபடி ஓடினால் நிமிடத்துக்குச் சுமார் 10 மில்லி குடிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். ஆக, ஒரு நிமிடத்துக்கு 23 கிராம். ஒரு சந்திப்பை நாளுக்கு 60,000 வண்டிகள் கடக்கின்றன, மேம்பாலத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாமே கார்கள் என்றும் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1.4 டன் கார்பன் டை ஆக்சைடு மிச்சம். இனி அதைச் சுருக்கமாகக் கார்பன் என்கிறேன்.

இப்போது அடுத்த பக்கத்தைப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் நாலுவழி மேம்பாலத்துக்கு அடித்தளம், தூண், தளம் எல்லாம் சேர்த்து 10,000 கன மீட்டர் கான்கிரீட் என்று கொள்வோம். கன மீட்டருக்கு 400 கிலோ சிமென்ட், 150 கிலோ கம்பி. ஆக 4,000 டன் சிமென்ட், 1,500 டன் இரும்பு. ஒரு டன் சிமென்ட் தயாராகும்போது சுமார் 0.7 டன் கார்பன் போகிறது, ஒரு டன் இரும்புக்கு இரண்டு டன்னுக்கும் மேல். கூட்டினால் சுமார் 6,000 டன். நாளுக்கு 1.4 டன் வீதம் இதை அடைக்க ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகும். நம் சாலைகளில் பாதிக்கு மேல் இருசக்கர வண்டிகள். அவை நின்றபடி குடிக்கும் பெட்ரோல் காரைவிட மிகக் குறைவு. அதைச் சேர்த்தால் 12 ஆண்டு இன்னும் நீளும். இரண்டு நிமிடம் மிச்சமாகும் என்று எதிரணி சொன்னால், 12 ஆண்டு ஆறாகக் குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆறு ஆண்டும் பாலத்தில் நெரிசல் திரும்பாமல் இருக்க வேண்டுமே, நடுவர் அவர்களே!

அது நடப்பதில்லை. பிரிட்டன் அரசு அமைத்த நெடுஞ்சாலை மதிப்பீட்டுக் குழு, புதுச் சாலை புதுப் போக்குவரத்தையும் உண்டாக்குகிறது என்று 1994-ல் பதிவு செய்தது. 2011-ல் அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த டுராண்டன், டர்னர் என்ற இரண்டு பொருளியலாளர்கள், நெடுஞ்சாலை நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் வண்டிகள் ஓடும் மொத்தத் தூரமும் கூடுகிறது என்று காட்டினார்கள். பஸ்ஸில் போனவர் பைக் எடுக்கிறார், காலை பத்து மணிக்குப் போனவர் எட்டரைக்குப் போகிறார். மிச்சமான நிமிடம் கரைந்துபோகிறது. இறங்கின இடத்தில் அடுத்த சிக்னல் காத்திருக்கிறது, நெரிசல் 800 மீட்டர் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

சரி, தரையில் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். முதலில் சிக்னல் ஏன் நம்மை அவ்வளவு நேரம் நிறுத்துகிறது என்று பார்ப்போம். 1958-ல் வெப்ஸ்டர் என்ற பிரிட்டன் ஆய்வாளர் வகுத்த சூத்திரம் ஒன்று உண்டு. நம் நாட்டில் சாலைகளுக்கு விதி வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் விதிகளும் அதைத்தான் பின்பற்றுகின்றன. ஒவ்வொரு திசையிலும் வரும் வண்டிகளை, அந்தத் திசை பச்சையில் அனுப்பக்கூடிய உச்ச அளவால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். விடை 1-ஐ நெருங்க நெருங்கச் சுற்று நேரம், அதாவது எல்லாத் திசைக்கும் ஒரு முறை பச்சை விட்டு முடிக்கும் நேரம், எகிறும். பச்சை ஒரு திசையிலிருந்து அடுத்த திசைக்கு மாறும் ஒவ்வொரு முறையும் சுமார் 4 வினாடி யாருக்கும் பயன்படாமல் போகும்.

நான்கு திசைக்கும் தனித்தனியாகப் பச்சை விடும் சந்திப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வீணாவது 16 வினாடி. மேலே சொன்ன கூட்டுத்தொகை 0.85. சூத்திரத்தில் போட்டால் ஒரு சுற்று 193 வினாடி. அதே சந்திப்பில் வலது பக்கம் திரும்புவதை மட்டும் எடுத்துவிட்டு, எதிரெதிர் திசைகளை ஒரே நேரத்தில் அனுப்புங்கள். வீணாவது 8 வினாடியாகும். கூட்டுத்தொகை 0.65-க்கு இறங்கினால் ஒரு சுற்று 49 வினாடி. சாலையைக் கடப்பவருக்கு நியாயமான நேரம் வேண்டும்: 14 மீட்டர் அகலத்தை நொடிக்கு 1.2 மீட்டர் நடையில் கடக்கவே 12 வினாடி, அதோடு கிளம்புவதற்குச் சில வினாடி. அதனால் 60 வினாடி என்று வைப்போம். 193 எங்கே, 60 எங்கே! இதற்கு ஒரு மூட்டை சிமென்ட்கூடத் தேவையில்லை.

வலது திரும்புகிறவர் எங்கே போவார்? நேரே போய் யூ டர்ன் அடித்து வருவார். கோவையில் அண்மை ஆண்டுகளில் பல சந்திப்புகளில் இந்த முறை வந்திருக்கிறது. இதிலும் கணக்கு உண்டு, அதை மறைத்தால் நான் நேர்மையாக வாதாடியதாகாது. 100 கார்களில் 20 வலது திரும்புகின்றன, சுற்று நேரம் குறைந்ததால் ஒவ்வொரு காருக்கும் ஒரு நிமிடம் மிச்சம் என்போம். மொத்த லாபம் 1,000 மில்லி. யூ டர்னை 400 மீட்டர் தள்ளி வைத்தால் 20 கார்களும் கூடுதலாக 800 மீட்டர் ஓட வேண்டும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் ஒவ்வொன்றும் 53 மில்லி, மொத்தம் 1,060. லாபம் போய் நட்டம் வந்துவிட்டது. அதையே 150 மீட்டரில் வைத்தால் செலவு 400 மில்லி, 600 கையில் நிற்கும். தூரம் ஒன்றை மாற்றினாலே தீர்ப்பு மாறுகிறது. அத்தோடு, யூ டர்ன் இடத்தில் சாலையின் வெளி விளிம்பு விரிய வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பஸ் முன்னே பின்னே எடுத்துத் திரும்புவதற்குள் பின்னால் நூறு வண்டி தேங்கும். சிக்னலையே எடுத்துவிட்டு யூ டர்ன் மட்டும் வைப்பதை நான் ஏற்கவில்லை. ஓயாமல் ஓடும் வண்டிகளுக்கு நடுவே, பிள்ளையைக் கையில் பிடித்த தாய் எந்த வினாடியில் சாலையைக் கடப்பார்?

அடுத்து, சாலையிலேயே விலைமதிப்பு மிக்க இடம் எது தெரியுமா? நிறுத்தக்கோட்டுக்கு முன்னால் உள்ள 30 மீட்டர். 7 மீட்டர் அகலம் முழுவதும் காலியாக இருந்தால், தொடர்ந்து பச்சை எரியும் ஒரு மணி நேரத்தில் 3,675 பி.சி.யு., அதாவது காருக்குச் சமமாக்கி எண்ணிய வண்டிகள், போகும் என்பது ரோட்ஸ் காங்கிரஸ் விதி. அங்கே ஒரு ஷேர் ஆட்டோ வரிசையும் ஒரு பஸ் நிறுத்தமும் இரண்டரை மீட்டரைப் பிடித்துக்கொண்டால், மிஞ்சிய 4.5 மீட்டரில் போவது 2,250. கிட்டத்தட்ட நாற்பது விழுக்காடு காணாமல் போயிற்று. அந்தப் பஸ் நிறுத்தத்தைச் சந்திப்பைத் தாண்டி 50, 75 மீட்டரில் வைத்து, ஆட்டோவுக்குப் பக்கத்துத் தெருவில் இடம் கொடுத்து, அமிழ்ந்துபோன மேன்ஹோல் மூடியைச் சாலை மட்டத்துக்குத் தூக்கிவிட்டால் இழந்தது திரும்பக் கிடைக்கும். மூடி மூன்று விரற்கடை இறங்கியிருந்தால் போதும், எல்லா வண்டியும் அதை விலக்கி ஓட்டும், ஒரு தடம் முழுக்கச் செத்துவிடும். இவையெல்லாம் யாரும் ரிப்பன் வெட்டாத வேலைகள். அதனாலேயே நடக்காமல் கிடக்கின்றன என்பது என் ஆதங்கம்.

சிறிய சந்திப்புகளுக்கு ரவுண்டானா இருக்கிறது. எல்லாத் திசையும் சேர்ந்து மணிக்கு 3,000 வண்டிவரை அது நன்றாகத் தாங்கும் என்று நம் பழைய விதியே சொல்கிறது. அதற்கு மேல் போனால் பூட்டிக்கொள்ளும். உள்ளே சுற்றும் வண்டிக்கு, நுழையும் வண்டி வழிவிட வேண்டும். 1966-ல் பிரிட்டன் இதை விதியாக்கிய பிறகுதான் அங்கே ரவுண்டானாக்கள் பூட்டிக்கொள்வது நின்றது. அமெரிக்காவில் சிக்னலையும் நிறுத்தப் பலகையையும் எடுத்து ரவுண்டானா போட்ட இடங்களில் காயம் ஏற்படுத்தும் விபத்துகள் சுமார் 75 விழுக்காடு குறைந்ததாக ஆய்வு உண்டு. அங்கே கார்கள், இங்கே பைக்குகள். அதே எண் அப்படியே நமக்குப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காரணம் இங்கும் அதேதான்: வேகம் குறைகிறது, பக்கவாட்டில் நேராக இடிப்பது ஒழிகிறது. 2022-ல் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 17,884 பேர், நடுவர் அவர்களே. ஒரு குடும்பத்தின் சம்பாத்தியம் நின்றுபோவதும் பொருளாதாரம்தான்.

பணத்துக்கு வருகிறேன். அவினாசி சாலை மேம்பாலத்தின் செலவு 1,791 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 177 கோடி. திட்ட அறிக்கைகளில் வழக்கமாக 12 விழுக்காடு பொருளாதார வருவாய் விகிதம், அதாவது போட்ட பணம் ஆண்டுக்கு 12 விழுக்காடு பலன் தர வேண்டும் என்று, எதிர்பார்க்கிறார்கள். அந்தக் கணக்கில், பத்து ஆண்டு கழித்து வரும் ஒரு ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 32 பைசா. லாபம் பின்னால் வருகிறது, தேய்ந்து வருகிறது. கட்டுமானம் நடக்கும் இரண்டு மூன்று ஆண்டுகளில் தடுப்புக்கு நடுவே எல்லோரும் இழக்கும் நேரமோ முன்னால் வருகிறது, முழு மதிப்போடு வருகிறது. இந்த இழப்பையும் கணக்கில் எழுதினால் பல பாலங்களின் லாபம் மெலிந்துவிடும். தரையில் செய்யும் வேலை சில வாரங்களில் முடியும், பலன் அந்த வருடமே தொடங்கும்.

கீழே இருக்கும் கடைக்காரரையும் பாருங்கள். பாலத்துக்கு அடியில் 5.5 மீட்டர் உயரம் விட வேண்டும், தளத்தின் கனத்தைச் சேர்த்தால் ஏழு மீட்டருக்கு மேல். முப்பதுக்கு ஒன்று என்ற சரிவில் ஏற, இரு புறமும் 200 மீட்டருக்கு மேல் ஏறுதளம் வேண்டும். அதில் பெரும்பகுதி மண் நிரப்பிய சுவர். எதிர்ச்சாரி மருந்துக்கடைக்குப் போக நாற்பது அடி நடந்தவர் இனி அந்தச் சுவரைச் சுற்ற வேண்டும். வாடிக்கை உடைந்துபோகும். மேலே போகும் வண்டிக்கு அந்தக் கடைவீதி இருப்பதே தெரியாது.

சுற்றுச்சூழல் என்றால் புகை மட்டுமல்ல. பாலத்தின் மழைநீர்க் குழாயில் மணல் அடைத்துக்கொள்ளும், அல்லது வடிகாலோடு இணைக்காமல் தூணடியிலேயே விட்டிருப்பார்கள். நீர் சர்வீஸ் ரோட்டில் தேங்கும், தார் உரியும், குழி விழும், அந்தத் தடமும் போகும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது சட்டம். தரையில் இருந்த இரைச்சலை இரண்டாம் மாடி ஜன்னலுக்கு நேராகத் தூக்கி வைத்துவிட்டு அந்த வரம்பை எப்படிக் காப்பாற்றுவது? வெட்டிய தூங்குமூஞ்சி மரத்துக்குப் பதில் ஊருக்கு வெளியே பத்துக் கன்று நடலாம். பஸ்ஸுக்கு வெயிலில் நிற்பவருக்கு அந்தக் கன்று நிழல் தராது. தரைமட்டத் திட்டத்தில் மரத்தைச் சுற்றி நடைபாதையை வளைக்கலாம், வேருக்கு மூச்சுவிட நாலடிக்கு நாலடி மண்ணை விடலாம். தூண் வளைந்து கொடுக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அனுமதி அறிவிக்கை நெடுஞ்சாலை விரிவாக்கத்தைக் கிலோமீட்டர் கணக்கில் அளக்கிறது. 30 என்று இருந்த வரம்பு 2013-ல் 100 ஆயிற்று. ஒரு கிலோமீட்டர் சந்திப்புப் பாலம் அந்த அளவுகோலுக்குள் வருவதே இல்லை. எனவே நான் மேலே போட்ட கார்பன் கணக்கைப் போட யாருக்கும் கட்டாயம் இல்லை.

'தரையில் சீராக்கினாலும் புது வண்டி வந்து நிரப்பாதா?' என்று எதிரணி கேட்கும். நிரப்பும். அதனால்தான் மிச்சமாகும் வினாடிகளை முதலில் பஸ்ஸுக்கும் நடப்பவருக்கும் கொடுக்கச் சொல்கிறேன். ஐம்பது பேர் இருக்கும் பஸ்ஸுக்குப் பத்து வினாடி முன்கூட்டியே பச்சை விட்டால், அந்தப் பத்து வினாடி ஐம்பது பேருக்குப் பெருகுகிறது. தூணுக்கு இந்தப் பேதம் பார்க்கத் தெரியாது.

கத்திப்பாரா தேவையில்லை என்று நான் சொல்லவே இல்லை. ஜி.எஸ்.டி. சாலை, அண்ணா சாலை, உள்வட்டச் சாலை, பூந்தமல்லி சாலை எல்லாம் கூடும் இடம் அது, 2008-ல் திறந்தார்கள், வேண்டிய பாலம்தான். எல்லாத் திசையும் சேர்ந்து மணிக்கு 10,000 பி.சி.யு.வைத் தாண்டினால் பல மட்டச் சந்திப்பு நியாயம் என்று ரோட்ஸ் காங்கிரஸே எல்லை வகுத்திருக்கிறது. என் கோரிக்கை இவ்வளவுதான்: பஸ் நிறுத்தத்தை நகர்த்துங்கள், சுற்று நேரத்தைக் குறையுங்கள், யூ டர்னைச் சரியான தூரத்தில் வையுங்கள், நிறுத்தக்கோட்டுக்கு முன்னுள்ள 30 மீட்டரை மீட்டெடுங்கள். ஆறு மாதம் கழித்து, காலையும் மாலையும், எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு எத்தனை வண்டி திரும்புகிறது என்று எண்ணுங்கள். அப்போதும் 10,000-ஐத் தாண்டி, வரிசை அடுத்த சந்திப்புவரை நின்றால், பாலம் கட்டுங்கள், தடுக்க மாட்டேன். அந்த எண்ணிக்கையை எடுக்காமலே பூமி பூஜை போட்ட சந்திப்புகளுக்கு எதிரணி என்ன பதில் சொல்லப்போகிறது என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.