சோற்றுப் பார்சல் கட்சி

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம். மணி அடிக்கிறவருக்கு இரட்டை வணக்கம்.

உலக விஞ்ஞானப் புனைகதை ரசிகர் மாநாடு கொழும்புக்கு வந்தால் முதலிடம் மரபுக்கா, ஊர்த் தேவைக்கா? எதிரணித் தம்பி மரபுக்கே என்றார். விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இல் வந்து 2008இல் கண்மூடும்வரை வாழ்ந்த நாடு, ஆகவே அந்த மாநாட்டை வெளிநாட்டில் நடப்பதுபோலவே அச்சுப் பிசகாமல் நடத்த வேண்டுமாம். சரி. அதோடு உட்கார்ந்திருக்கலாம். ஊர்த் தேவைக்கே என்கிற எங்களைக் காட்டி, "இவர்கள் சோற்றுப் பார்சல் கட்சி" என்றாரே! நீங்களும் கைதட்டினீர்கள். மூன்றாம் வரிசை அக்கா, உங்களைத்தான்.

தம்பி, ஒரு பார்சல் கதை கேளுங்கள். என் மச்சான் இங்கே நடந்த ஒரு ரசிகர் விழாவுக்கு ரோபோ வேடம் போட்டான். உடம்புக்கு பிஸ்கட் பெட்டி, தலைக்கு வாய்ப்பக்கம் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் வாளி. வெள்ளவத்தையில் 101 பஸ் ஏறினான். ஏறினான் என்றால், பாதி ஏறினான். பெட்டி கதவில் சிக்கிவிட்டது. கொண்டக்டர் மேலும் கீழும் பார்த்து இரண்டு டிக்கெட் கிழித்தார். ஏன் இரண்டு? "ஆளுக்கு ஒன்று, சாமானுக்கு ஒன்று." தான் ஆளா சாமானா என்று மச்சானுக்கு இன்றுவரை தெரியாது.

உள்ளே போனால் காலை முதல் இரவுவரை ஓயாத நிகழ்ச்சி, சாப்பாட்டுக்கு இடைவேளை இல்லை. வெளிச் சாப்பாடும் உள்ளே வரக்கூடாது. கேட்டால், "வெளிநாட்டில் அப்படித்தான், மரபு." இரண்டு மணிக்கு ரோபோ பற்றரி இறங்கி வாசலுக்கு வந்துவிட்டது.

எது ஐயா மரபு? 1939இல் நியூயோர்க்கில் முதல் உலக மாநாடு நடந்தபோது இரண்டே பேர் எதிர்கால உடை உடுத்தி வந்தார்கள். தைத்தது அந்த இருவரில் ஒருவரான பெண். எந்த விதியைப் பார்த்துத் தைத்தார்? இன்றைக்கும் அந்த மாநாட்டின் சாசனம் நடத்துகிற ஊரிடம் கட்டாயமாகக் கேட்பவை மூன்று: விஞ்ஞானப் புனைகதைக்கான ஹியூகோ விருது, அடுத்து எந்த ஊர் என்ற வாக்கெடுப்பு, உறுப்பினர் கூட்டம். மிச்சம் ஊர்க்காரர் கையில்.

பெரும்பாலும் ஓகஸ்டில்தான் வைப்பார்கள். நல்லூர்க் கோயிலில் கொடி ஏறினால் வெள்ளவத்தையில் பாதிப்பேர் யாழ்ப்பாண பஸ்ஸில்! ஹோட்டல் அறைகளில் இரவு விருந்து வைப்பதும் பழைய மரபுதான். அன்று போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை என்றால்? ஊர் முழுக்கத் தேடினாலும் ஒரு சாராயக் கடை திறந்திராது. எதிரணி முகங்கள் வாடுவதைப் பாருங்கள்.

வாசலில் நின்ற ரோபோவை மறந்துவிட்டேன். அங்கே மாமி. டிக்கெட் இல்லாததால் பன்னிரண்டு மணியிலிருந்து வெயிலில், மடியில் பார்சலோடு. வாளியைக் கழற்றப் பார்த்தார்கள், காது சிக்கி வரவில்லை. மாமி பார்சலைப் பிரித்து, சோற்றைக் குழைத்து, "வாயைத் திற மோனே" என்று அந்த ஓட்டையால் ஊட்டினார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் இருவர் நாடகம் என்று நினைத்துப் படமெடுத்தார்கள்.

மாமி இப்போது இல்லை. அந்த வாளி மச்சான் வீட்டுக் கிணற்றடியில் கிடக்கிறது. தண்ணீர் நிற்காது. எறியவும் விடமாட்டான்.