பொங்கல் பானையை மண்ணில் புதைத்த கதை

வணக்கம் மக்களே. மணி காலை ஏழரை, மலேசியாவில் பினாங்கு மாநிலத்து ஆயர் ஈத்தாமில் இன்னும் வெயில் ஏறவில்லை. குறைந்த தண்ணீரில் வீட்டுத் தோட்டத்தை எப்படிக் காப்பாற்றுகிறேன் என்று இன்றைக்குக் காட்டுகிறேன். மழை பெய்து பதினாறு நாளாகிவிட்டது. தை, மாசியில் பினாங்கு இப்படித்தான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறினவர்களைக் கேளுங்கள், கால் சுட்டதைச் சொல்வார்கள்.

மழை ஊரில் தண்ணீருக்கு என்ன கவலை என்று நினைக்க வேண்டாம். இந்த மாநிலம் எடுக்கிற தண்ணீரில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் மூடா ஆறு ஒன்றிலிருந்தே வருகிறது. பக்கத்து மாநிலமான கெடாவின் வயல்களுக்கும் அந்த ஆறுதான். 2024 ஜனவரியில் பெரிய வால்வு மாற்றுவதற்காக நான்கு நாள் தண்ணீர் நிறுத்தினார்களே, அப்போது தோங்கில், அதாவது பெரிய பீப்பாயில், பிடித்து வைத்ததைச் சமையலுக்கா, குளிக்கவா, மல்லிகைக்கா என்று அம்மா அளந்து அளந்து ஊற்றினார்கள். எனக்கு மனசே கேட்கவில்லை.

சரி, முதலில் தோட்டத்துக்கு நான் எவ்வளவு ஊற்றுகிறேன் என்று பார்த்தேன். ஹோஸை வாளியில் பிடித்தால் 10 லிட்டர் நிறைய 45 விநாடி. தினமும் சாயங்காலம் கால் மணி நேரம் அடித்தேன், அதாவது 200 லிட்டர்! அப்புறம் மண்ணில் விரலை விட்டால் அரை விரல் ஆழம்தான் ஈரம். கீழே எல்லாம் பொடி.

அதனால் முன்வாசல் புல்தரையை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் செராய் என்கிற எலுமிச்சைப் புல், கற்றாழை, காகிதப்பூ. வேர் பிடித்த பிறகு காகிதப்பூ மண் காய்ந்தால்தான் நன்றாகப் பூக்கிறது. சமையலில் வாசனைக்குப் போடுகிற பண்டான் இலைச் செடிக்கு ஈரம் வேண்டும், அதைச் சமையலறைப் பக்கம் வைத்து அரிசி கழுவின தண்ணீரை ஊற்றுகிறோம். பாசாரில், அதாவது சந்தையில், தேங்காய் துருவுகிற அண்ணனிடம் கேட்டால் மட்டை சும்மாவே தருவார். நாரைப் பிய்த்துச் செடி அடியில் நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள், நார் தண்டில் மட்டும் படக் கூடாது, தண்டு அழுகிவிடும்.

இப்போது இங்கே பாருங்கள். மிளகாய்ப் பாத்திக்கு நடுவில் வாய் மட்டும் தெரிகிறதே, அது பொங்கல் பானை. உள்ளே ஊற்றுகிற தண்ணீர் மெல்லக் கசிந்து வேருக்குப் போகும். லிட்டில் இந்தியாவில் வாங்கினது. முதல் தடவை, பொங்கல் வைத்த பானையையே புதைத்தேன். தண்ணீர் கசியவே இல்லை. பாலும் நெய்யும் பானையின் நுண்துளைகளை அடைத்துவிட்டன. பெயிண்ட் அடித்த பானையும் அப்படித்தான். சாயம் பூசாத, அடுப்பேறாத பானைதான் வேண்டும். தட்டினால் விரிசல் சத்தம் கேட்கக் கூடாது.

சுற்றியுள்ள மண் காய்ந்தால் பானையிலிருந்து தண்ணீரைத் தானே இழுத்துக்கொள்ளும், மண் நனைந்திருந்தால் கசிவு குறைந்துவிடும். மேலே மூடி கட்டாயம். டெங்கி பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாரம் போதும், முட்டை கொசுவாகிவிடும். தோங்குக்கும் வலை கட்டியிருக்கிறேன்.

நேற்றுக் காலை விளிம்புவரை ஊற்றினேன். திறக்கிறேன்... மூன்று விரல் இறங்கியிருக்கிறது. மிளகாய் இலையைப் பாருங்கள், ஒன்றுகூடத் தொங்கவில்லை. இருங்கள், முதலில் மூடியை வைத்துவிடுகிறேன்.