ரெண்டாவது சிலிண்டர்

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். 'நிம்மதியாக வாழ ஏற்ற நாடு இலங்கையா, கனடாவா?' என்பது தலைப்பு. கொழும்பு மேடையில் நின்று கனடா என்று சொல்ல வந்திருக்கிறேன். வீட்டுக்கு பஸ் ஏறும்வரை என்னை விட்டுவைப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எனக்கு முன் பேசிய தங்கை கறுத்தக்கொழும்பான் மாம்பழம், வாசலுக்கு வரும் மீன், சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வரும் பக்கத்து வீட்டு மாமி என்று அடுக்கினார். நானும் கை தட்டினேன். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் என் அக்காவுக்கு அந்த மாமி கிடையாதுதான். பனி, ரொறன்ரோ வீட்டு வாடகை, குடும்ப வைத்தியர் கிடைக்காமல் காத்திருப்பது, இவற்றையும் நானே ஒப்புக்கொள்கிறேன். எதிரணிக்கு அரை மணி நேரம் மிச்சம்.

நான் கேட்பது ஒன்றுதான். நாளைக் காலை அடுப்பு எரியும் என்று தெரிந்து இரவு படுக்க முடிகிறதா?

2022ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டில் டொலர் தீர்ந்து சமையல் கேஸ் கிடைக்காமல் போன வருடம். வெள்ளவத்தையில் எங்கள் வீடு ஐந்தாம் மாடி. ஊரில் என்றால் மூன்று கல்லை வைத்து விறகு மூட்டலாம். பல்கனியில் மூட்டினால் மேல்மாடிக்காரர் சும்மா இருப்பாரா? கரண்ட் அடுப்பு வாங்கினோம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்தது. லிப்டும் இல்லை. அம்மா விடியற்காலை நாலு மணிக்கு வெற்றுச் சிலிண்டரைப் படிப்படியாக இறக்கி, கடை வாசல் வரிசையில் வைத்து, சங்கிலியால் முன்னால் நின்ற சிலிண்டரோடு பூட்டுவார். பூட்டின் திறப்பு தாலிக்கொடியில் தொங்கும். மூன்றாம் நாள் லொறி வந்தது. அம்மாவுக்கு முன்னால் நின்றவரோடு சாமான் முடிந்தது.

அதே மாதங்களில் அக்கா போன் எடுத்து விலைவாசி தாங்கவில்லை என்று புலம்பினாள். புலம்பியது நியாயம்தான். அந்த ஆண்டு ஜூனில் கனடாவின் பணவீக்கம் 8.1 சதவீதம், அவர்கள் நாற்பது வருடமாகக் காணாத உயரம். இங்கே செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி கிட்டத்தட்ட 70 சதவீதம். உணவுக்கு மட்டும் 94.9.

"அது முடிந்த கதை" என்பார்கள். முடியவில்லை, ஐயா. பணவீக்கம் குறைந்தால் விலை ஏறும் வேகம்தான் குறையும். ஏறிய விலை இறங்கி வராது. அப்பா தனியார் கம்பனியில் முப்பது வருடம் வேலை செய்தவர். சம்பளத்தில் 8 சதவீதம் அவர் பங்கு, 12 சதவீதம் முதலாளி பங்கு, இப்படிச் சேர்ந்த ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதிக் காசை 2021 கடைசியில் எடுத்து வங்கியில் போட்டார். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்க்குக் கிடந்த டொலர் மே மாதம் 360ஐத் தாண்டியது. அப்பாவின் காசை யாரும் திருடவில்லை. புத்தகத்தில் இலக்கம் அப்படியே இருக்கிறது, அதன் பெறுமதிதான் இறங்கிவிட்டது. இப்போது மருந்துச் சிட்டையை வாங்கிப் பார்த்து, "பாதி மாதத்துக்குத் தாருங்கள்" என்கிறார்.

கனடாவில் பதினெட்டு வயதுக்குப் பின் பத்து வருடமாவது வாழ்ந்தவருக்கு 65 வயதில் முதியோர் ஓய்வூதியம் உண்டு. பெரிய தொகை இல்லை, வருமானம் மிக அதிகமானவர்களிடம் திருப்பியும் எடுப்பார்கள். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலைவாசியைப் பார்த்து அதைத் திருத்துகிறார்கள். விலை ஏறினால் கிழவரின் காசும் கூடவே ஏறும். என் கட்சிக்கு இந்த ஒரு ஏற்பாடே போதும்.

இலவசக் கல்வியைச் சொன்னீர்கள். 1945இலேயே கொண்டுவந்தோம், எனக்கும் பெருமைதான். நான் எழுதப் படிக்கக் கற்றது அதில்தான். அதே 2022 மார்ச்சில் கடதாசி இல்லை என்று மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையைத் தள்ளிப்போட்டதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வருடத்தில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கடவுச்சீட்டுகள் எடுக்கப்பட்டன. அத்தனை பேரும் மாம்பழம் பிடிக்காதவர்களா?

மணி அடித்துவிட்டது, முடிக்கிறேன். இப்போது கேஸ் தாராளமாகக் கிடைக்கிறது. போன் பண்ணினால் வாசலில் கொண்டுவந்து வைக்கிறார்கள். ஆனாலும் எங்கள் குசினி மூலையில், பழைய சேலை போர்த்தியபடி, நிரம்பிய சிலிண்டர் ஒன்று எப்போதும் நிற்கிறது. அதை எடுக்க அம்மா விடமாட்டார். தீர்ப்பு எழுதும்போது அந்தச் சிலிண்டரையும் பாருங்கள், நடுவர் அவர்களே. வணக்கம்.